நான் கொன்ற மாங்கன்று



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் கடந்து போகலாம், குறை இல்லை.

போன வாரம் தரம் 10 வகுப்பில் நீர்ப்பாசனப் பாடம். வெளியே மழை ஊற்றுகிறது, உள்ளே நான் நீர்ப்பாசனம் படிப்பிக்கிறேன். "தண்ணி கூடினா பயிருக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழும்பி, "வேர் அழுகும் சேர்" என்றாள். புத்தகத்தில் உள்ள பதில், சரியான பதில். "ஏன் அழுகும்?" என்றேன். வகுப்பு அமைதியானது. அப்போது வாய் தவறி, "நான் ஒரு மாங்கன்ற அப்படித்தான் கொன்ட நான். லண்டன்ல" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கொழும்பைத் தாண்டிப் போகாத ஆள் என்பது அவர்களுக்குத் தெரியும். மணி அடித்ததால் கதையை முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒரேயொரு தங்கச்சி. கல்யாணம் முடித்து லண்டனில் ஹரோ என்ற பகுதியில் இருக்கிறாள். 2020 ஆகஸ்டில் எங்கள் வாப்பா வபாத்தானார். கொரோனா அல்ல, பழைய நெஞ்சு வருத்தம். ஆனால் விமான நிலையம் மூடியிருந்த காலம். அவள் ஜனாஸாவை போனில்தான் பார்த்தாள். சாய்ந்தமருது மையவாடியில் வாப்பாவை இறக்கும்போது எங்கள் பக்கத்தில் சிக்னல் விழுந்து படம் உறைந்து நின்றதாம். திரும்பிப் படம் வந்தபோது எல்லோரும் மண் தள்ளிக்கொண்டிருந்தோமாம். இதை அவள் எனக்குச் சொன்னது இரண்டு வருடம் கழித்து.

அந்த ஆகஸ்டில் அவர்கள் வீட்டில் ஒரு பெட்டி பாகிஸ்தான் மாம்பழம் இருந்தது. அங்கே ஆனி, ஆடி வந்தால் தெற்காசியக் கடைகளின் வாசலில் மாம்பழப் பெட்டி அடுக்கியிருப்பார்களாம். தங்கச்சி ஒரு பழத்தைச் சாப்பிட்டுவிட்டு கொட்டையைக் கழுவி, கத்தரிக்கோலால் மேல்கோதைப் பிளந்து, உள்ளே இருக்கும் பருப்பை எடுத்து, ஈர டிஷ்யூவில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் வைத்தாள். மூன்றாவது கிழமை முளை வந்தது. கறுப்பும் சிவப்பும் கலந்த அந்தத் தளிர் நிறம் நம் எல்லோருக்கும் தெரியும். படத்தை அனுப்பி, "காக்கா, நீங்க விவசாய சேர்தானே, இனி நீங்கதான் பொறுப்பு" என்று குரல் அனுப்பினாள்.

இருபது வருடமாக விவசாயம் படிப்பிக்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும். நான் பொறுப்பெடுத்தேன்.

காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்று. வெயில் படுகிற இடத்தில் வை. குளிர் வந்தால் ஹீட்டருக்குக் கிட்ட வை. பசளை கொஞ்சம் போடு. நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். இதில் ஒன்றுகூட கல்முனையில் பிழையில்லை. நம் மண் கடற்கரை மணல், ஊற்றுகிற தண்ணீர் கண் மூடித் திறக்க முன் கீழே போய்விடும். ஆனியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் ஒரு நாள் தவறினாலும் கன்று தலை சாய்க்கும். நம்முடைய புத்தகமும், வாப்பாவும், என் அனுபவமும் ஒரே குரலில் சொல்வது "ஊத்து" என்பதைத்தான்.

ஐப்பசி, கார்த்திகை போனது. மார்கழியில் ஒரு நாள் படம் வந்தது. இலைகளின் ஓரம் மண்ணிறமாகக் கருகி, நெருப்பில் வாட்டியதுபோல் சுருண்டிருந்தது.

"காக்கா, எல ஓரம் கருகுது. என்ன செய்ய?"

"தண்ணி காணாது புள்ள. இன்னும் கொஞ்சம் கூட்டி ஊத்து."

அவள் ஊற்றினாள். தை மாதம் கன்று செத்தது. பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, விரலில் தோல் கழன்று வந்ததாம், சாடிக்குள் குளத்துச் சேறு மாதிரி மணமாம். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "அல்லாஹ் நாடல்ல காக்கா" என்றாள். எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

அந்தக் கருகிய இலையை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

2004க்கு முன் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. வளவில் வாப்பா வைத்த வெள்ளைக் கொழும்பான் மரம் ஒன்று நின்றது. டிசம்பர் 26 காலை கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் தப்பினோம். அந்த ஒழுங்கையில் அப்படிச் சொல்லக்கூடிய குடும்பங்கள் கொஞ்சம்தான். வீடு போனது. மரம் நின்றது. மதில் இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, மாமரம் மட்டும் பச்சையாக நிற்கிறது. வாப்பா அதைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் கண்டேன்.

சில நாட்களில் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. உப்பு. தென்னைகள் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன. மா, பலா, முருங்கை எல்லாம் வரிசையாக வாடின. உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். கிணறுகள் எல்லாம் உவர். நாங்கள் பாடசாலையில் அகதிகளாக இருந்தோம், பவுசரில் வருகிற தண்ணீர் குடிக்கவே அளந்துதான் கிடைக்கும். வாப்பா ஒரு பேசினை வைத்துக்கொண்டு, தான் வுழூச் செய்கிற தண்ணீரை அதில் ஏந்துவார். பிறகு மற்றவர்களிடமும் கேட்கத் தொடங்கினார். ஐந்து நேரமும் சேர்ந்த தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் ஊற்றிவிட்டு வருவார். மாரி மழையும் பெய்தது. போதவில்லை. சித்திரைக்குள் மரம் பட்டுப்போனது.

"தண்ணி காணாமப் போச்சு மகன்" என்று வாப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதை அப்படியே நம்பினேன். பதினாறு வருடம் கழித்து லண்டனிலிருந்து ஒரு படம் வருகிறது, அதே கருகல், அதே சுருட்டல். நான் பார்த்தது தங்கச்சியின் சாடியை அல்ல. வாப்பாவின் மரத்தைத்தான் பார்த்தேன். "கூட்டி ஊத்து" என்றேன்.

பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன். நான் படிப்பிக்கிற பாடத்தையே திரும்ப வாசித்தேன் என்பது சரி. வேர் தண்ணீர் உறிஞ்ச அதற்கு மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு இடையில் காற்று இருக்க வேண்டும். அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் வேர் திணறும், பிறகு பங்கசு பிடித்து அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் மேலே போகாது. ஆகவே தண்ணீருக்குள் நிற்கிற மரத்தின் இலை தாகத்தால் கருகும். உப்பு மண்ணிலும் இதே கதிதான்: மண்ணில் ஈரம் இருக்கும், உப்பு அதை வேருக்கு விடாது. இரண்டு வருத்தத்துக்கும் இலை காட்டுகிற அடையாளம் ஒன்று. மருந்து நேர் எதிர். ஒன்றுக்கு ஊற்ற வேண்டும், மற்றதுக்கு நிறுத்த வேண்டும்.

அடுத்த விஷயம் வெளிச்சம். கல்முனை பூமத்திய கோட்டிலிருந்து ஏழு பாகைக்குச் சற்று மேல், லண்டன் ஐம்பத்தொன்றரை. நமக்கு மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல். அங்கே எட்டு மணித்தியாலம்தான், அதிலும் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து பதினைந்து பாகை அளவில்தான் ஏறும். நம் ஊரில் அசருக்கும் மஃரிபுக்கும் நடுவில் சூரியன் நிற்கிற உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அங்கே உச்சி வெயில். அந்த வெளிச்சத்தில் மாங்கன்று சமைப்பதும் இல்லை, தின்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை. வேலையை நிறுத்திவிட்டுத் தூங்குகிறது. தூங்குகிற பிள்ளையின் வாயில் காலையும் மாலையும் நான் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.

வாசிக்கத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. வெள்ளைக்காரன் குளிருக்குள் வெப்பநாட்டு மரங்களை எப்படி வளர்த்தான் என்று தேடினேன். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரபுக்களுக்கு அன்னாசிப் பைத்தியம் பிடித்திருந்தது. தோல் பதனிடும் கூடங்களில் பாவித்துக் கழித்த ஓக் மரப்பட்டையைக் கிடங்கில் நிரப்பி, அது புளித்து மாதக்கணக்கில் விடுகிற சூட்டில் அன்னாசிச் சாடிகளைப் புதைத்து வைத்தார்கள். மேலே கண்ணாடிக் கூரை. பழம் ஒன்றுக்கு வருடக்கணக்கில் ஆள் வைத்து வேலை. ஸ்கொட்லாந்தில் டன்மோர் என்ற இடத்தில் ஒரு பிரபு தோட்ட மண்டபத்தின் கூரையையே கல்லில் அன்னாசி வடிவத்தில் கட்டி வைத்தார், இன்றும் இருக்கிறது. பொத்துவில் வீதியில் குவித்து வைத்து விற்கிற பழத்துக்கு இவ்வளவு பாடு.

இன்னொரு செய்தி என்னை எழும்பி நடக்க வைத்தது. நம் நாட்டுக்கு றப்பர் மரம் வந்த பாதை லண்டன். 1876இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 றப்பர் விதைகள் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போயின. அங்கே கண்ணாடி வீடுகளில் சூடாக்கி முளைக்க வைத்ததில் 2,700 அளவில்தான் முளைத்தன. அதில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவில் ஹெனரத்கொடத் தோட்டத்தில் நட்டது அவற்றைத்தான். களுத்துறை, கேகாலையில் நிற்கிற தோட்டங்களின் தொடக்கம் லண்டன் குளிரில் ஒரு கண்ணாடி வீட்டில். அந்தக் கண்ணாடி வீடுகளுக்கு நிலக்கரியும் ஆட்களும் ஒரு பேரரசும் இருந்தன. இப்போதும் சுவிட்சர்லாந்தில் ஃப்ரூட்டிகன் என்ற ஊரில் வாழையும் பப்பாசியும் காய்க்கிறது: 2007இல் திறந்த லோட்ச்பெர்க் ரயில் சுரங்கத்திலிருந்து மலையின் வெந்நீர் ஊறி வருகிறது, அதை அப்படியே ஆற்றில் விட்டால் மீனுக்குக் கேடு என்பதால் பழத்தோட்டத்தைச் சூடாக்கப் பாவிக்கிறார்கள். ஐஸ்லாந்தில் பூமிக்கடி வெந்நீரில் வாழை வளர்க்கிறார்கள்.

தங்கச்சியிடம் இருந்தது தெற்குப் பார்த்த ஒரு ஜன்னல்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு நான் அவளுக்குச் சொன்னது, "விடு புள்ள, அந்த நாட்டுல மா சரிவராது" என்பதுதான். தோற்ற ஆசிரியன் சொல்கிற வார்த்தை. அவள் ஒன்றும் பேசவில்லை. 2021 ஆகஸ்டில், வாப்பாவின் வருடம் திரும்பிய கிழமை, அவள் இன்னொரு கொட்டையை முளைக்க வைத்தாள். எனக்குச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் படம் வந்தது. ஒரு முழ உயரம், பத்துப் பதினைந்து இலை, ஓரம் கருகவில்லை. குளிரைத் தாண்டிவிட்டது.

"ஆருட்ட கேட்ட நீ?"

"பக்கத்து வீட்டு பா-ட்ட."

'பா' என்றால் குஜராத்தியில் மூத்தம்மாவாம். 1972இல் இடி அமீன் உகண்டாவை விட்டு இந்தியர்களை விரட்டியபோது கையில் ஒரு பெட்டியோடு வந்த குடும்பம். அந்த மூத்தம்மா இருபது வருடத்துக்கு மேலாக வீட்டுக்குள் கறிவேப்பிலை மரம் வளர்க்கிறாவாம். குளிர்காலத்தில் இலை முழுக்கக் கொட்டி வெறும் குச்சியாக நிற்குமாம், பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்பார்களாம், சித்திரையில் திரும்பத் துளிர்க்குமாம். தங்கச்சிக்கு அவ சொல்லிக் கொடுத்த விதி ஒன்றுதான்: தீபாவளியிலிருந்து ஹோலி வரைக்கும் தாகத்தோடு விடு.

நான் சிரித்தேன், பிறகு கணக்குப் பார்த்தேன். ஐப்பசி நடுவிலிருந்து பங்குனி வரை. வெளிச்சம் குறைந்து திரும்பக் கூடுகிற காலம். ஒரு பல்கலைக்கழகம் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லாது.

மற்றதெல்லாம் தங்கச்சி தானே கண்டுபிடித்தாள். சாடியைத் தூக்கிப் பார்ப்பாள். பாரமாக இருந்தால் தண்ணீர் இல்லை, பஞ்சு மாதிரி இலகுவாக வந்தால் மட்டும் ஊற்றுவாள், குளிர்காலத்தில் அது மூன்று கிழமைக்கு ஒருமுறைகூட வராதாம். அடியில் நாலு ஓட்டை. மண்ணில் பாதி பருமணலும் சிறுகல்லும். ஹீட்டருக்குக் கிட்ட வைக்கச் சொன்னேனே, அதுவும் பிழை: அந்தச் சூடு காற்றைக் காய வைத்து, இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத சிவப்புச் சிலந்திப் பூச்சியைப் பெருக்கிவிடும். பூச்சி வந்தபோது அவள் மரத்தைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஷவரில் குளிப்பாட்டினாள். இரவில் ஜன்னல் கண்ணாடி ஐஸ் மாதிரி ஆகும்போது சாடியைச் சுற்றி மருதமுனைச் சாறன் ஒன்றைக் கட்டுவாள். நான் மச்சானுக்கு அனுப்பிய சாறன் அது. மச்சான் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்.

ஜூன் வந்து இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே போகாது என்று தெரிந்த பிறகுதான் மரம் வெளியே போகும். மே மாதத்திலும் சில இரவு உறைபனி விழுமாம். வெளியே வைத்ததும் ஒரு புதுமை: வெயிலுக்காக ஏங்கிய மரத்தின் இலை முதல் நாள் வெயிலிலேயே வெளுத்துக் கருகியது. ஜன்னலுக்குள் வளர்ந்த இலை வெயில் அறியாதது. அடுத்த வருடத்திலிருந்து முதல் கிழமை நிழலில், பிறகு காலை வெயில், பிறகுதான் முழு வெயில். வெளிநாடு போய் வருகிற நம் பிள்ளைகள் பெருநாளைக்குக் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டுத் தோல் உரிந்து வருவது ஞாபகம் வந்தது.

2022 நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பங்குனி முடிவில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. போனில் சார்ஜ் இருக்கிற நேரம் பார்த்து அவள் எடுப்பாள், நாங்கள் இருட்டில் குந்தியிருந்து பேசுவோம். அந்த வருடக் கடைசியில் அங்கேயும் மின்சாரம், எரிவாயு விலை ஏறிப்போய், வீட்டில் ஒரு அறையை மட்டும் பின்னேரத்தில் சூடாக்கினார்களாம். அந்த அறையில் மச்சான், அவள், இரண்டு பிள்ளைகள், மாமரம். "ஹீட்டர் காசுல பங்கு கேக்கணும் இதுட்ட" என்று மச்சான் சொன்னாராம். பிறகு வீடு மாறினார்கள். சாமான் லொறியில் மரத்தை ஏற்ற அவள் விடவில்லை, காரின் முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுபோனாள். மச்சான் பின்னால் பிள்ளைகளோடு. புது வீட்டிலும் பா-வின் வீடு நடக்கிற தூரம்தான், அல்ஹம்துலில்லாஹ்.

நான் ஒருநாள் கேட்டேன், மனம் நோகாமல்தான் கேட்டேன். காய்க்காத மரத்துக்கு ஏன் இந்தப் பாடு? கொட்டையிலிருந்து வந்த மரம் தாய்மரத்தைப் போலப் பழம் தரும் என்றுகூட உறுதியில்லை, அதற்குத்தான் நாம் ஒட்டுக்கன்று வைக்கிறோம். சாடிக்குள், ஜன்னல் வெளிச்சத்தில், அது காய்க்க வாய்ப்பு மிகக் குறைவு. அவள் எனக்கே பாடம் எடுத்தாள். கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் வந்துவிட்டாலும் முடிந்தால் அதை நட்டுவிடுங்கள் என்ற கருத்தில் வருகிற ஹதீஸை ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம், அதில் பழத்தைப் பற்றி ஏதும் இருக்கிறதா காக்கா, என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஒரு விஷயம் அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன், அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். மாமரத்துக்குக் குளிர் முழு எதிரி அல்ல. உறைபனி கொல்லும், ஆனால் பூப்பதற்கு ஒரு குளிர்ச்சியும் காய்ச்சலும் மாவுக்கு வேண்டும். நம் ஊரில் மாரி முடிந்து தை மாசிப் பனி விழுகிற இரவுகளுக்குப் பிறகுதானே மாம்பூ கொத்தாக வருகிறது. ஆகவே சற்றுக் குளிர்ந்த அறையில், தண்ணீர் குறைத்து வைத்திருப்பது மரத்தைத் தண்டிப்பதல்ல. மறுபக்கம் பாருங்கள்: நம்மவர்கள் கண்டியிலிருந்து ஆப்பிள் கன்று வாங்கி வந்து முற்றத்தில் வைத்துவிட்டு, ஏன் காய்க்கவில்லை என்று என்னிடம் கேட்கிறார்கள். அதற்குத் தேவையான கடும் குளிர் மாதங்களை நான் எங்கே போய் வாங்கிக் கொடுப்பது. காத்தான்குடியில் வீதி நடுவில் நிற்கிற பேரீச்சை வேறு கதை. பாலைவன மரம்தான், ஆனால் பழம் முற்றுகிற நேரம் நம் வெயில் மாதங்களோடு பொருந்திவிட்டது, மாரி தொடங்க முன் அறுவடை முடிந்துவிடுகிறது. பிழைப்பது பிழைக்காதது எல்லாம் இப்படிச் சின்னப் பொருத்தங்களில்தான் இருக்கிறது.

2023 ஆகஸ்டில் தங்கச்சி பிள்ளைகளோடு வந்தாள். மரத்தைப் பா-விடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். முதல் நாள் மையவாடிக்கு வெளியே வீதியில் நின்று நீண்ட நேரம் துஆக் கேட்டாள். மறுநாள் பின்னேரம் பழைய வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இப்போது நம் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை, தோணி இழுத்து வைக்கிற இடம், வலை காய்கிறது. மரம் நின்ற இடத்தை நான் காட்டினேன். அவள் இல்லை என்று கடல் பக்கமாகப் பத்தடி தள்ளிக் காட்டினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதற்காகச் சண்டை பிடித்தோம். கிணறு எங்கே இருந்தது, அடுப்படி வாசல் எந்தப் பக்கம், ஊஞ்சல் கட்டின கொப்பு எந்தத் திசை. கடைசியில் உம்மாவிடம் வந்து கேட்டால், உம்மா மூன்றாவதாக ஒரு இடம் சொன்னா.

மருமகன் உம்மாவுக்கு போனில் மரத்தின் படங்களைக் காட்டினான். அவர்கள் வீட்டு வாசல் நிலையில் பென்சில் கோடுகள்: ஒரு பக்கம் அவனுடைய உயரம், மறுபக்கம் மரத்தின் உயரம், திகதியோடு. வாடகை வீடு, போகும்போது அழித்துவிட்டுப் போக வேண்டுமாம். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலையைப் பெரிதாக்கிப் பார்த்தா.

"இது நம்மட கொழும்பான் இல்ல மனெ."

"இல்ல உம்மா, அது பாகிஸ்தான் மாங்கா" என்றேன்.

"காய்க்குமா?"

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "தெரியா உம்மா" என்றேன்.

உம்மா இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. "எல நல்லா இரிக்கி" என்றா. "ஆரு தண்ணி ஊத்துற?"

இந்தப் பதிவை எழுதத் தொடங்கியதற்குக் காரணம் வகுப்பு மட்டும் அல்ல. நேற்று இஷாவுக்குப் பிறகு ஒரு படம் வந்தது. மரம் இப்போது தங்கச்சியைவிட உயரம், நாலு வருடம் தாண்டிவிட்டது. அங்கே பின்னேரம் மூன்றரை மணி, ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கீழ் இலைகள் இரண்டின் ஓரம் மண்ணிறம்.

"காக்கா, பாருங்களே. ஊத்தவா?"

அவளுக்குப் பதில் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்கிறாள். கருகிய ஓரத்தைப் பார்த்ததும் எனக்கு வாளியோடு நடக்கிற வாப்பாதான் முன்னால் வருகிறார், இப்போதும். விரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது.

"தூக்கிப் பாத்தியா?" என்று எழுதினேன்.

இரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை. சாடி பெரிது, மச்சானைக் கூப்பிட்டிருப்பாள்.

"பாரமா இரிக்கி காக்கா."

"அப்ப சும்மா விடு."

போனை வைத்தேன். பக்கத்தில் உம்மா தஸ்பீஹ் எண்ணிக்கொண்டே, "என்னவாம்?" என்றா.